படைவலியும் பத்திவலியும்: காஞ்சி மாநகர் உற்ற சோதனைகள்

1. தோற்றுவாய்

சென்னையினின்றும் மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்னும் நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தொழிற்கூடங்களும் புதுக்குடியிருப்புகளும் மலிந்து வரும் இந்நிலம் பண்டைத் தொண்டைநாட்டின் ஒரு கூறாகும். பல்லவர் தலைநகராகிய காஞ்சி இங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் எல்லைக்குள் உள்ளது. செவ்வாப்பேட்டைக்குக் கிழக்கே இரண்டு நிலையம் கடந்தால் வரும் திருநின்றவூரோ, கல்லும் மரமும் இன்றி நெஞ்சகத்தே கோயில் எடுத்த பூசலார் பிறந்த ஊர். கற்கோயில் எழுந்த தலைநகரும் மனக்கோயில் எழுந்த சிற்றூரும் ஒரே நாட்டில், ஒரு நாள் நடைக்கும் சிறிதே மிகுந்த தொலைவில், அமைந்திருத்தல் இக்கட்டுரையின் பொருளுக்குத் தக்க தொடக்கமாகும்.

இறைவன் விரும்பி உறையும் இடமென்று போற்றப்பெற்ற தொன்னகர் ஒன்றைப் பெரும்படை வந்து சூழுங்கால், அந்நகரத்தார் கொண்டிருந்த பத்தி என்னாகும்? நகர் பிழைத்தால் தெய்வம் காத்தது எனலாம். நகர் வீழ்ந்தால் யாது கூறுவது? தெய்வத்தின் வலி குன்றியது என்பதா? அடியார் அன்பில் குறை உண்டாயிற்று என்பதா? அன்றி, கோயிலையும் நகரையும் பற்றிநின்ற பத்தி வேறோர் இடம் தேடிக்கொண்டது என்பதா? இவ்வினாக்கள் உலகின் தொன்னகரங்கள் பலவற்றில் எழுந்தன. காஞ்சியிலும் அவை எழுந்தன. அவற்றிற்கு அந்நகர வரலாறு தரும் விடைகளைக் கல்வெட்டு, செப்பேடு, அடியார் வரலாறு ஆகிய மூன்றனையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

2. மதிலும் புழுதியும்

ஏழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் காஞ்சி எத்தகைய நகராக விளங்கியது என்பதனைச் சீனப் பயணியாகிய யுவான் சுவாங் குறித்துவைத்துள்ளார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், அவற்றில் பதினாயிரம் துறவியரும், எண்பதளவான தேவர் கோயில்களும், சமணர் பலரும் அங்கு இருந்தமையை அவர் குறிப்பால் அறிகின்றோம். எனவே, அக்காலக் காஞ்சி ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய நகர் அன்று. பல நெறியினரும் தத்தம் வழிபாட்டை நிலைநாட்டியிருந்த நகர். அந்நகருக்கு வந்த இடர் அனைவர்க்கும் பொதுவானது.

அவ்விடர் வடமேற்கினின்று வந்தது. வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சளுக்கியருக்கும் காஞ்சிப் பல்லவருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் தலைமுறை பலவற்றைக் கடந்து நீண்டது. இரண்டாம் புலிகேசியின் ஐகொளெக் கல்வெட்டு சகம் 556இல், அஃதாவது கி.பி. 634-35இல், பொறிக்கப்பெற்றது. இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் இயற்றியது. புலிகேசியின் படை எழுப்பிய புழுதி பல்லவனின் ஒளியை மறைத்தது என்றும், அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்றும் அக்கல்வெட்டுப் புகழ்கின்றது. பல்லவர் தரப்பினதாகிய காசக்குடிச் செப்பேடோ, முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் தலைமைப் பகைவரை அழித்தான் என்று உரைக்கின்றது.

இவ்விரண்டும் ஒன்றனையொன்று மறுப்பன போலத் தோன்றும். ஆயினும் புள்ளலூர் காஞ்சிக்கு மிக அண்மையில் உள்ளது என்பதனை நினைவிற் கொண்டால் முரண் பெரும்பாலும் நீங்கும். பகைவர் தலைநகரின் வாயிலளவும் வந்தனர் என்பது சளுக்கியர் பெருமிதத்திற்குப் போதிய காரணம். வாயிலளவும் வந்தும் நகரைக் கொள்ளவில்லை என்பது பல்லவர் பெருமிதத்திற்குப் போதிய காரணம். மகேந்திரன் வென்ற பகைவர் யாவர் என்பதனைக் காசக்குடிச் செப்பேடு பெயர் சுட்டிக் கூறாமையின், வரலாற்றறிஞர் இம்முடிபை ஊகமாகவே கொள்வர். யாமும் அவ்வளவிலேயே கொள்கின்றோம்.

பின்னர் நரசிம்மவர்மன் காலத்தில் புலிகேசி மீண்டும் வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் அவன் புறங்கண்ட செய்தியையும், வாதாபி அழிந்த செய்தியையும் கூரம் செப்பேடு கூறுகின்றது. மணிமங்கலமும் தொண்டைநாட்டு ஊரே. இங்ஙனம் காஞ்சியைச் சூழ்ந்த ஊர்கள் பலமுறை போர்க்களமாயின. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரும் 1780 செப்டம்பரில் ஐதர் அலி, திப்பு ஆகியோர் படை ஆங்கிலேயக் கும்பினிப் படையை முறியடித்ததும் அதே புள்ளலூர்க் களத்திலேயாம். தலைநகரை நோக்கி வரும் வழியில் அமைந்த ஊர்கள் தலைநகரின் துன்பத்தை முதலில் ஏற்கின்றன.

3. படைத்தலைவர் ஒருவரின் பத்தி

மேற்கூறிய பட்டயங்களில் வெற்றி அரசனின் தோள்வலிக்கு உரியதாகப் பேசப்படுகின்றது. அவற்றைக் கொண்டு நகரத்தாரின் உள்ளத்தை அறிதல் அரிது. அதற்குச் சேக்கிழாரின் பெரியபுராணம் துணைபுரிகின்றது. அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகலின், ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்றாகாது. ஆயினும் அடியார் மரபு அந்நிகழ்ச்சியை எவ்வாறு நினைவிற் போற்றியது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை.

திருச்செங்காட்டங்குடியிற் பிறந்த பரஞ்சோதியார் அரசன் பொருட்டு வாதாபியைத் துகளாக்கிப் பெரும்பொருள் கொணர்ந்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். அவர் சிவனடியார் என்பதனை அமைச்சர்வழி அறிந்த அரசன் மகிழவில்லை, அஞ்சினான். இறைவனுக்குத் தொண்டு செய்யவேண்டிய ஒருவரைக் கொடும்போரில் ஏவினேனே என்று வருந்திப் பொருள் பல கொடுத்து அவரைப் படைத்தொழிலினின்று விடுவித்தான். அதன் பின்னரே அவர் அடியார்க்கு அடியாராய்ச் சிறுத்தொண்டர் என்னும் பெயர் பெற்றார்.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், வெற்றியைத் தெய்வ அருளின் அடையாளமாகக் கொண்டு கொண்டாடாமையே. அடியார் ஒருவர் பகைநகரை அழித்தார் என்பது பெருமையாக முடிவதற்கு மாறாக, அரசனின் கழிவிரக்கமாக முடிகின்றது. தன் நகரைப் படையினின்று காத்தலும் பிறர் நகரைப் படைகொண்டு அழித்தலும் பத்திக்கு ஒரே தன்மையன அல்ல என்னும் உணர்ச்சி இங்குப் புலனாகின்றது. பத்திக்கு முதற்சோதனை தோல்வியில் வந்ததன்று; வெற்றியில் வந்தது என்று கூறினும் பொருந்தும்.

4. வானொலி கேட்ட அரசன்

பகை ஓய்ந்திலது. புலிகேசியின் மகனாகிய முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைக்கொண்டான். அவன் கி.பி. 674இல் வழங்கிய கத்வால் செப்பேடு காஞ்சியின் ஏறற்கரிய மதிலையும் கடத்தற்கரிய அகழியையும் விரித்துரைக்கின்றது. கைப்பற்றிய நகரின் அரணைப் புகழ்வது கைப்பற்றியவன் ஆற்றலைப் புகழ்வதாகும் என்பது வெளிப்படை. அக்காலத்து அவன் படை காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் தங்கியிருந்தது. பின்னர்ப் பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை வென்று நாட்டை மீட்டான்.

பரமேசுவரவர்மனின் மகன் இராசசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் எடுப்பித்த கற்றளியே இன்று கயிலாசநாதர் கோயில் என வழங்கும் இராசசிம்மேச்சரம். அதன் விமானத்தைச் சுற்றிப் பொறிக்கப்பெற்ற வடமொழிக் கல்வெட்டில் அரிய செய்தி ஒன்று உள்ளது. முன்னை யுகங்களில் துடியந்தன் முதலிய மன்னர் வானொலி கேட்டனர். நற்குணங்கள் அகன்ற இக்கலியுகத்தில் இவ்வரசனும் அதனைக் கேட்டமை வியப்பு என்பது அதன் கருத்து.

இதனைப் பூசலார் வரலாற்றோடு ஆராய்ச்சியாளர் இணைத்துக் காண்பர். காடவர் கோமான் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் கனவில் தோன்றி, திருநின்றவூரிற் பூசல் நெடுநாள் நினைந்து எடுத்த கோயிலில் நாளை யாம் புகுவோம். நின் கோயிற் செயலைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க என்றருளினான். அரசன் நின்றவூரை அடைந்து கோயிலைத் தேடினான். அவ்வூரார் எவர்க்கும் அப்படியொரு கோயில் இருப்பது தெரியவில்லை. பூசலாரை அடைந்து வினவியபோது, பொருள் கிடையாமையால் மனத்தாற் செய்த கோயிலே அது என்று அவர் உரைத்தார். அரசன் அவரை நிலமுற வணங்கி மீண்டான்.

சேக்கிழார் அரசனின் இயற்பெயரைக் கூறாராயினும், காஞ்சியிற் கற்றளி எடுத்தமை, வானொலி கேட்டமை ஆகிய இரண்டும் இராசசிம்மனுக்கே பொருந்துதலின் இவ்விணைப்பு ஏற்கத்தக்கதே. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையிற் பூசலாரைப் போற்றியமையால் அவர் பெயர் மிக முற்பட்டதென்பதும் உறுதி.

இவ்வரலாற்றைப் பொதுவாக ஏழையின் அன்புக்கும் அரசனின் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதாகவே உரைப்பர். அஃது உண்மையே. ஆயின், அக்கற்றளிக்கு அடுத்த தலைமுறையில் நேர்ந்ததனை உடன்வைத்து நோக்குவார்க்கு வேறொரு பொருளும் புலப்படும்.

5. பகைவன் கண்ட பொன்

இரண்டாம் நந்திவர்மன் காஞ்சி அரியணை ஏறியபோது இளையன். அரசமரபில் நேர்வழித்தோன்றல் இன்மையால் நகரத்தாரும் கடிகையாரும் பிறரும் கூடி அவனைத் தேர்ந்தமையை வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் காட்டுகின்றன. இங்ஙனம் நாடு தளர்ந்திருந்த நிலையில், கி.பி. 733 முதல் 745 வரை ஆண்ட சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியின்மேற் படையெடுத்தான்.

அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் கி.பி. 757இல் வழங்கிய வக்கலேரிச் செப்பேடு இப்படையெடுப்பை விரித்துரைக்கின்றது. பல்லவனைத் தன் மரபின் இயற்கைப் பகைவன் எனக் கருதி வேரறுக்கத் துணிந்து விக்கிரமாதித்தன் எழுந்தான். நந்திபோதவர்மனைப் போரிற் புறங்கண்டு, அவனுடைய இசைக்கருவிகளையும் கொடியையும் யானைகளையும் மணிக்குவியலையும் கைக்கொண்டான். பின் காஞ்சியை அழிக்காமலே அதனுள் புகுந்தான். அந்தணர்க்கும் எளியவர்க்கும் கொடை வழங்கினான். நரசிம்மபோதவர்மன் எடுப்பித்த இராசசிம்மேச்சரம் முதலிய கற்றளிகளுக்குப் பொற்குவியலை மீள அளித்தான் என்பது அதன் சாரம்.

வெற்றி பெற்றவன் மகன் தந்தையைப் புகழ்வது இயல்பு. ஆதலின் இதனை மட்டும் கொண்டு துணிதல் கூடாது. நல்வாய்ப்பாக, இச்செய்திக்கு நேர்ச்சான்று நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே உள்ளது. கயிலாசநாதர் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டுக் காணப்படுகின்றது. அவன் காஞ்சியைக் கொண்டபின் இராசசிம்மேச்சரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீள விடுத்தான் என்று அது கூறுகின்றது. இவ்வெழுத்தையும் இவ்வறத்தையும் அழிப்போர் இந்நகரத்துக் கடிகையாரைக் கொன்றோர் புகும் உலகிற் புகுவர் என்னும் பொருள்பட அது முடிகின்றது.

இக்கல்வெட்டில் மூன்று செய்திகள் ஆழ்ந்து நோக்கத்தக்கன.

முதலாவது, பகைவன் அறிந்த புனிதம். கடிகையென்பது கற்றோர் அவை. கதம்ப மரபின் முதல்வனாகிய மயூரசர்மன் கல்வி பயில வந்ததும் காஞ்சிக் கடிகைக்கே என்பதனைத் தாளகுண்டாக் கல்வெட்டு உணர்த்தும். நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்தோருள் இக்கடிகையாரும் உளர். தன் பகைவனை அரியணை ஏற்றிய அவையத்தாரைக் கொல்லுதலே மாபெரும் பாவம் என்று வென்றவனின் கல்வெட்டே கூறுகின்றது. நகரின் அரசன் வேறு, நகரின் அறம் வேறு என்னும் பகுப்பு இதில் உள்ளது.

இரண்டாவது, எழுத்து நின்ற நிலை. நந்திவர்மன் பின்னர்க் காஞ்சியை மீளப்பெற்று நெடுங்காலம் ஆண்டான். தன் தோல்வியைத் தன் குலக்கோயிலில் பறைசாற்றும் அவ்வெழுத்தைச் சிதைத்துவிட அவனுக்கோ அவன் வழியினர்க்கோ அரிதன்று. ஆயினும் அவ்வெழுத்து இன்றும் உள்ளது. அறம் கூறும் எழுத்து என்பதனால் விட்டனரா, இறைவன் திருமுன் பொறித்தது என்பதனால் விட்டனரா என்பதனைப் பிரித்தறிதல் வேண்டுவதில்லை. இரண்டிற்கும் வேர் ஒன்றே. வாதாபியிலும் பல்லவ நரசிம்மவர்மனின் கல்வெட்டு, சிதைந்த நிலையிலேனும், பாறையில் உள்ளது என்பது இதனோடு ஒப்பிடற்குரியது.

மூன்றாவது, விக்கிரமாதித்தனின் உள்ளம். அவன் செயலுக்குச் சிவபத்தியே காரணம் என்பர் சிலர். வாதாபி அழிவுக்குப் பழிவாங்குதலை வண்மையால் நிறைவேற்றினான் என்று கூறவும் இடமுண்டு. கைப்பற்றிய நகரத்தாரின் நல்லெண்ணத்தைப் பெறும் அரசியற் சூழ்ச்சி எனக் கருதுதலும் தவறாகாது. எம் கருத்தில் இம்மூன்றும் ஒருங்கே இருந்திருத்தல் கூடும். ஆயினும் ஒன்றனை மறத்தல் ஆகாது. கொடையால் நல்லெண்ணம் பெறலாம் என்று ஒருவன் எண்ணுதற்கும், அக்கோயிலை மக்கள் தம் உயிரினும் மேலாகக் கருதுகின்றனர் என்னும் அறிவு முன்னரே வேண்டும். ஆகவே சூழ்ச்சி எனினும், அஃது அடியார் பத்தியை அளந்தறிந்த சூழ்ச்சியே.

அவ்வேந்தன் தேவியாகிய உலோகமாதேவி, தன் கணவன் மும்முறை காஞ்சியை வென்றமையின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த உலோகேசுவரம் இன்று விருபாட்சர் கோயில் என வழங்குகின்றது. அதன் அமைப்பில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது என்பது கலையறிஞர் முடிபு. பொன்னைக் கொள்ளாது விட்டவன் கலையின் நினைவைக் கொண்டு சென்றான் போலும்.

இனிப் பூசலார் வரலாற்றுக்கு மீள்வோம். எந்தக் கற்றளியின் குடமுழுக்கு ஒரு சிற்றூர் அடியாரின் மனக்கோயிலுக்காகத் தள்ளிவைக்கப்பெற்றது என்று மரபு கூறுகின்றதோ, அதே கற்றளியின் பொன் ஒரு தலைமுறைக்குள் பகைவன் கண்முன் குவிந்து கிடந்தது. அப்படையெடுப்பைக் கருதியே பூசலார் வரலாறு எழுந்தது என்று யாம் கூறவில்லை. சேக்கிழார் அப்படையெடுப்பை ஓரிடத்தும் குறிக்கவில்லை. ஆயினும், படை நுழையக்கூடிய கோயில் ஒன்று, படை நுழைய இயலாத கோயில் ஒன்று என்னும் இருவகைக் கோயில்களையும் தொண்டைநாட்டார் தம் நினைவில் அருகருகே வைத்துப் போற்றினர் என்பதில் ஐயமில்லை. இஃது அந்நாடு கண்ட முதல் விடையாகும்.

6. ஊர்விட்டு ஊர் சென்ற திருமேனிகள்

பிற்காலத்தில் பகைப்படைகள் வேற்றுச் சமயத்தாரின் தலைமையில் வந்தபோது சோதனையின் தன்மை மாறிற்று. கோயிற்பொன் திரும்பி வரும் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லாத நிலையில், திருமேனியையே காப்பது கடமையாயிற்று. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை அடைந்தபோது நம்பெருமாள் அவ்வூரை விட்டு நீங்கி, பல ஊர்கள் கடந்து, 1371இல் கோபணாரியரால் மீள எழுந்தருளப்பெற்றார். அக்காலத்து வேதாந்த தேசிகர் அச்சம் நீங்கவேண்டி அபீதித்தவம் பாடினார் என்பது வைணவ மரபு. தில்லைக் கூத்தப்பெருமான் 1648இல் தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் தங்கி 1686இல் மீண்டார்.

காஞ்சிக்கு அத்தகைய நாள் 1688ஆம் ஆண்டளவில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் கையில் வீழ்ந்தது. முகலாயப் படைகளும் மராட்டியப் படைகளும் செஞ்சியை நடுவாகக் கொண்டு தமிழகத்தின் வடபகுதியில் மோதத் தொடங்கின. காஞ்சிக் கோயில்களின் காப்பாளர் மூர்த்திகளை மறைத்து வெளியே கொண்டுசெல்லத் துணிந்தனர். வரதராசப் பெருமாளின் திருமேனி உடையார்பாளையம் சென்றது. பிணத்தைக் கொண்டுசெல்வது போலப் பாடைகட்டிக் கொண்டு சென்றனர் என்பது மரபுவழிச் செய்தி.

இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் நீராட்டி, உடுத்தி, உணவு படைத்து, உயிருள்ள அரசனாகப் போற்றிய திருமேனியை உயிரற்ற உடலாக வேடமிட்டுத் தோளிற் சுமந்து செல்லுதல் எளிய செயலன்று. தீட்டென விலக்கத்தக்க கோலத்தையே தெய்வத்தின் காவலாக்கிய துணிவு அது. விதிகளை மீறாது நின்று திருமேனியை இழப்பதா, விதியைக் கைவிட்டுத் திருமேனியைக் காப்பதா என்னும் வினாவில் அவ்வடியார் பின்னதனைத் தேர்ந்தனர். கோயிலோ பெருமாள் இன்றி இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றது. குழந்தையாய் அப்பிரிவைக் கண்டோர் நடுவயதினராயினர். முதியோர் பலர் மீட்சியைக் காணாமலே மறைந்திருப்பர். பத்திக்கு இதனினும் பெரிய சோதனை யாது?

மீட்சியும் எளிதில் வாய்க்கவில்லை. அமைதி திரும்பிய பின்னரும் உடையார்பாளையத் தலைவர் பெருமாளைப் பிரிய மனமிலராய் மறுத்தார். அடைக்கலம் கொடுத்தவரின் அன்பே தடையாகி நின்றமை வியப்புக்குரியது. ஆத்தான் சீயர் என்னும் திருவேங்கட இராமாநுச சீயர், கருநாடகப் பகுதியில் முகலாயர் ஆட்சியின்கீழ்ப் பணியாற்றிய படைத்தலைவர் லாலா தோடர்மாலை அணுகி வேண்டினார். அவர் படைத்துணையோடு முயன்று 1710இல் பெருமாளைக் காஞ்சிக்கு மீட்டளித்தார். சகம் 1632இல் பொறித்த கல்வெட்டு இச்செய்தியை அறிவிக்கின்றது. தோடர்மாலும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் உருவங்கள் வரதராசர் கோயிலில் உள்ளன.

எவர் படைக்கு அஞ்சிப் பெருமாள் நகர் நீங்கினாரோ, அவர் ஆட்சியிற் பணியாற்றிய தலைவரே பெருமாளை மீட்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் இராசசிம்மேச்சரத்தின் பொன்னை மீட்டளித்தவனும் பகைவேந்தனே. காஞ்சியின் வரலாற்றில் இருமுறை, மீட்சி எதிர்த்தரப்பினின்றே வந்தது. படையை ஒரே முகமுடையதாகக் காண்பது பிழை. அதனுள்ளும் வணங்கும் கைகள் உண்டு என்பது இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டும் இரண்டாவது விடை.

7. மீளாத திருமேனி

மீட்சியை மட்டும் கூறி முடித்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. காமாட்சியம்மன் கோயிலைச் சார்ந்த பொற்காமாட்சி என்னும் பங்காரு காமாட்சியின் திருமேனியும் காஞ்சியை விட்டு நீங்கி உடையார்பாளையம் முதலிய ஊர்களிற் சென்று தங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தஞ்சையை அடைந்து அங்கேயே நிலைபெற்றது, காஞ்சிக்கு மீளவில்லை. அதனைப் பரம்பரையாகப் பூசித்த குடியில் தோன்றியவரே இசைமும்மணிகளுள் ஒருவராகிய சியாமா சாத்திரியார். அவர் 1762இல் திருவாரூரில் பிறந்தார், தஞ்சையில் வாழ்ந்தார். காஞ்சித் தெய்வத்தை நினைந்து பிற ஊரில் எழுந்த அவர்தம் இசை, இழப்பினின்று பிறந்த செல்வம் எனலாம்.

இதனினும் ஆழ்ந்த இழப்பு ஒன்றும் உண்டு. யுவான் சுவாங் கண்ட நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளில் ஒன்றேனும் இன்று காஞ்சியில் வழிபாட்டில் இல்லை. நகரில் கண்டெடுக்கப்பெற்ற புத்தர் சிலைகளே அவற்றின் எச்சம். சளுக்கியர் பட்டயங்கள் அப்பள்ளிகளை அழித்தமை குறித்து யாதும் கூறவில்லை. அவை படையால் அழிந்தன அல்ல. புரந்தார் குறைந்தமையாலும் மக்கள் உள்ளம் வேறு நெறிகளிற் சென்றமையாலும் மெல்ல மறைந்தன எனக் கொள்வதே பொருத்தம். ஆகவே, படை வந்து கோயில் நின்றதும் உண்டு; படை வாராமலே பள்ளி மறைந்ததும் உண்டு. ஒரு நெறியின் உயிர் மதிலில் இல்லை என்னும் உண்மையை இம்மறுதலைச் சான்று மேலும் வலியுறுத்துகின்றது. இதே காஞ்சியின் ஒரு பகுதியாகிய திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் வழிபாடு தொடர்ந்து வந்துள்ளமையும் இதனோடு எண்ணத்தக்கது.

8. பிறநாட்டு ஒப்புமை

கி.மு. 701இல் அசீரிய வேந்தன் சனகெரிபு யூத நாட்டின்மேற் படையெடுத்து எருசலேமைச் சூழ்ந்தான். எசேக்கியா அரசர் இறைவனை வேண்டினார். ஏசாயா தீர்க்கர் நகர் வீழாது என்றார். இறைவனின் தூதர் பகைப்படையை அழித்தார் என்பது விவிலியம் கூறும் வரலாறு. சனகெரிபின் கல்வெட்டோ எசேக்கியாவைக் கூட்டிலடைத்த பறவைபோல் நகருள் அடைத்ததாகவும் திறை பெற்றதாகவும் பெருமை பேசுகின்றது. நகரைக் கைப்பற்றியதாகக் கூறவில்லை. ஐகொளெக் கல்வெட்டும் காசக்குடிச் செப்பேடும் ஒரு பெருநகரின் வாயிலில் எதிரெதிர் நின்று பேசுதல் போன்றே இவையும் பேசுகின்றன.

ஆயினும் அந்நகர் பிழைத்த நினைவே பின்னோர்க்கு இடையூறாயிற்று. கோயில் இருக்கும்வரை நகர் வீழாது என்னும் துணிவு மக்களிடையே வேரூன்றியது. எரேமியா தீர்க்கர் அத்துணிவைக் கடிந்தார். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் நகரையும் கோயிலையும் அழித்தனர். அதன்பின்னரும் யூதர் நெறி அழியவில்லை. கோயிலற்ற அயல்நாட்டிலும் மறைநூலையும் வழிபாட்டையும் போற்றி வளர்ந்தது. கி.பி. 410இல் உரோமை நகர் கோத்தியர் கையில் வீழ்ந்தபோது அகத்தீனார் இறைவனின் நகர் என்னும் நூலை எழுதத் தொடங்கியதும் இவ்வினாவிற்கு விடை காணவேயாம்.

காஞ்சிக்கும் இந்நகரங்களுக்கும் வேறுபாடும் உண்டு. ஆங்கே நகரின் வீழ்ச்சி மக்கள் செய்த பிழைக்கு ஒறுப்பாகப் பெரிதும் உணரப்பட்டது. காஞ்சி மரபிலோ, யாம் கண்ட சான்றுகளின் அளவில், அவ்வுணர்ச்சி முதன்மை பெறவில்லை. இறைவன் தன் அடியாரோடு ஊர்விட்டு ஊர் செல்வான், மறைந்து வாழ்வான், மீள்வான் என்னும் உணர்ச்சியே மேலோங்கி நிற்கின்றது. தண்டிக்கும் தெய்வமாக அன்றி, உடன் துன்புறும் தெய்வமாக இறைவனைக் கண்டமை இம்மரபின் தனித்தன்மை எனலாம்.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன வருமாறு. காஞ்சியைப் பெரும்படைகள் பலமுறை நெருங்கின. சிலமுறை மதில் காத்தது, சிலமுறை காக்கவில்லை. நகர் பிழைத்ததனையே தெய்வ வலிக்குச் சான்றாகக் கொள்ளும் மனநிலையினின்று தொண்டைநாட்டு அடியார் மரபு விலகி நின்றது. வென்ற தளபதி படையைத் துறந்தார். கற்றளி எடுத்த மன்னன் மனக்கோயிலை வணங்கினான். வென்ற பகைவன் பொன்னை மீட்டளித்தான். தோற்றவர் அவன் எழுத்தைச் சிதையாது விட்டனர். திருமேனியைப் பிணமெனச் சுமந்தவர் அதனை இறைவனாகவே மீளக் கொணர்ந்தனர்.

இம்முடிபுகள் தமிழாய்வு செய்வார்க்கு ஒரு நெறிமுறையையும் உணர்த்துகின்றன. செப்பேடுகள் வென்றவர் குரலைத் தருகின்றன. அடியார் வரலாறுகள் நம்பியவர் குரலைத் தருகின்றன. ஒன்றனைப் பொய்யென்றும் மற்றதனை மெய்யென்றும் தள்ளாமல், ஒவ்வொன்றும் எதனைக் கூறவல்லது என்று அறிந்து இரண்டையும் ஒருங்கே கற்றாலன்றி, படை சூழ்ந்த நகரின் உள்ளம் நமக்குப் புலப்படாது.

காஞ்சியின் மதிலும் அகழியும் இன்று இல்லை. கத்வால் செப்பேட்டின் சொற்களிலேயே அவற்றின் உயரமும் ஆழமும் எஞ்சியுள்ளன. கயிலாசநாதர் கோயில் நிற்கின்றது. அதன் தூணிற் பகைவன் எழுதிய அறமும் நிற்கின்றது. செவ்வாப்பேட்டையை அடுத்த திருநின்றவூரில், பூசலாரின் நெஞ்சத்து எழுந்த கோயிலின் நினைவாக, இருதயாலீசுவரர் கோயில் கல்லிலும் எழுந்து நிற்கின்றது. எந்தப் படையும் கண்டறிய இயலாத கோயிலை ஊரார் அனைவரும் கண்டு வணங்கும் கோயிலாகப் பிற்காலத்தார் எடுத்தமை, அவ்வடியார்க்குத் தொண்டைநாடு செலுத்திய நன்றிக்கடன் ஆகும்.